கிட்டாரில் கால் சுரம்: எல்லா ஃப்ரெட்டையும் பிடுங்க வேண்டாம், ஆறு வெட்டு போதும்

கேள்வி இதுதான்: சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் வீடு. கோயில் பஜனைக்கும், மலாய் நண்பர்களோடு ஸாப்பின் பாட்டுக்கும் வாசிக்கிற பழைய இரும்புத் தந்தி அகூஸ்டிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் தங்கும் குறுக்குக் கட்டை) 12-வது ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) வரை 325 மி.மீ. கம்புஸ் என்கிற மலாய்த் தந்தி வாத்தியத்தில் கேட்கிற இடைப்பட்ட சுரங்களும் வேண்டும், தோடி மாதிரி ராகங்களும் வேண்டும். பழைய ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு வீட்டிலேயே புதிதாகப் போட முடியுமா? எங்கெங்கே வெட்டுவது?

முடியும். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை குறைந்துவிடும்.

தோடிக்கு ஃப்ரெட் கூட்டிப் பயனில்லை. வீணையில் மெழுகில் பதித்த மெட்டுகள் 24. இரண்டு ஸ்தாயிக்கு அவ்வளவுதான், அதாவது ஸ்தாயிக்கு 12. கிட்டாரிலும் அதே 12. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுகிறது. அந்த ஆட்டத்தை வீணைக்காரர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கொண்டுவருகிறார். நடுவில் எத்தனை கம்பி அடித்தாலும் ஆட்டம் வராது, படிக்கட்டுதான் வரும். ஆர். பிரசன்னா வழக்கமான 12 ஃப்ரெட் அமைப்பிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார். சக்தி குழுவில் ஜான் மெக்லாலின் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வாசித்தார். விரலுக்குக் கீழே மரம் தட்டாததால் தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை ஆட்டலாம். ஆகவே ராகத்துக்கு முதல் வேலை தந்தியை மாற்றுவது. தடித்த 12–53 செட் போட்டிருந்தால் மெல்லிய 10–47 போடுங்கள். இழுக்க வரும்.

சுத்தமான அந்தர காந்தாரம், அதாவது ஸட்ஜத்துக்கு 5/4 விகிதம், தம்பூராவோடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால் அது வேறு வேலை. உங்களுடையது போல மொத்தத் தந்தி நீளம் 650 மி.மீ. (325-இன் இருமடங்கு) உள்ள கிட்டாரில் அது நட்டிலிருந்து 130 மி.மீ.-இல் இருக்கிறது, உங்கள் 4-வது ஃப்ரெட் 134.1-இல் இருக்கிறது. நாலு மி.மீ. இடைவெளியில் இரண்டு கம்பிகள் வைத்தால் நடுவில் விரல் போகாது. பழையதைப் பிடுங்கி, வெட்டை மரச் சில்லால் அடைத்து, புது இடத்தில் வெட்டத்தான் வேண்டும். அப்படிச் செய்தபின் சாதாரண சுருதியில் மேற்கத்திய கார்டுகள் கெட்டுவிடும். தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி, அதாவது ஸ-ப-ஸ-ம-ப-ஸ என்று வைத்தால்தான் அந்த ஃப்ரெட்டுகள் எல்லாத் தந்தியிலும் பொருந்தும். பஜனைக்கு கார்டு பிடிக்கிற ஒரே கிட்டாரில் இதைச் செய்யாதீர்கள்.

மிச்சம் இருப்பது கம்புஸ் கேள்வி. இதற்கு ஃப்ரெட் போடுவது சரியான மருந்து. கம்புஸுக்கு ஃப்ரெட்டே கிடையாது, வாசிப்பவர் விரலை எங்கும் வைக்கலாம். அங்கே உங்கள் காது பிடிக்கிற சுரங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: கால் சுரம் இறங்கிய ஈ (E), கால் சுரம் இறங்கிய பி (B). ராஸ்த், பயாத்தி இரண்டு மகாமும் (அரபு இசையின் ராகங்கள்) வழக்கமான இடத்தில் வாசித்தால் இவற்றோடு நடந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் 100 சென்ட். கால் சுரம் என்பது 50 சென்ட். நட்டிலிருந்து தூரம் = மொத்த நீளம் × (1 − 2-இன் அடுக்கு (−சென்ட் ÷ 1200)). போன் கால்குலேட்டரைப் படுக்கவாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் வரும். சாதாரண சுருதியில், ஆறு தந்திகளிலும், 12-வது ஃப்ரெட்டுக்குள் அந்த இரண்டு சுரங்களும் எங்கெங்கே விழுகின்றன என்று போட்டுப் பார்த்தால் ஃப்ரெட்டுகளுக்கு நடுவிலுள்ள 12 கால் சுர இடங்களில் ஆறே இடங்கள்தான் தேவைப்படுகின்றன:

1-க்கும் 2-க்கும் நடுவே, 53.95 மி.மீ. (5-வது தந்தியில் பி, 4-வதில் ஈ)
3-க்கும் 4-க்கும் நடுவே, 118.98 மி.மீ. (3-வது தந்தியில் பி மட்டும்)
4-க்கும் 5-க்கும் நடுவே, 148.78 மி.மீ. (2-வது தந்தியில் ஈ மட்டும்)
6-க்கும் 7-க்கும் நடுவே, 203.46 மி.மீ. (1, 6-இல் பி; 5-இல் ஈ)
8-க்கும் 9-க்கும் நடுவே, 252.18 மி.மீ. (4-இல் பி, 3-இல் ஈ)
11-க்கும் 12-க்கும் நடுவே, 315.48 மி.மீ. (1, 6-இல் ஈ, 2-இல் பி)

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஒரு தந்திக்காக. முதல் தடவை செய்கிறவர் அவற்றை விட்டுவிட்டு நாலோடு நிறுத்தினாலும் குறை சொல்ல மாட்டேன். இந்த இடங்கள் எல்லாமே இரண்டு ஃப்ரெட்டுகளின் சரிபாதியிலிருந்து பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும்: நட் அருகே கால் மி.மீ., 12-வது அருகே 0.14 மி.மீ. சரிபாதியிலேயே வெட்டினாலும் பிழை ஒரு சென்டுக்குள்தான், காதுக்குத் தெரியாது. அதனால் இலக்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் அளவு தவறுவதன் விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நட் அருகே 1 மி.மீ. தவறினால் 2.7 சென்ட், 12-வது ஃப்ரெட் அருகே அதே 1 மி.மீ. 5.3 சென்ட்.

ரம்பத்தைத் தொடுமுன் மீன்பிடி நைலான் கயிறு வாங்குங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வெர்னியர் காலிப்பரின் பின்பக்க ஊசியால் உங்கள் ஃப்ரெட்டின் உயரத்தை அளந்து, அதே பருமனில் அல்லது 0.1 மி.மீ. கூடுதலாகக் கயிறு எடுங்கள், சுமார் 1 மி.மீ. வரும் என்று வையுங்கள். சுருளிலேயே பருமன் அச்சிட்டிருக்கும். தந்தியைத் தளர்த்தி, கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சைத் தடித்த தந்திப் பக்க ஓரத்தில் வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கயிறு ஃப்ரெட்டைவிடத் தாழ்ந்திருந்தால் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் உட்கார்ந்து ஙொய் என்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் அதற்கு முந்தைய ஃப்ரெட்டை அழுத்தும்போது அதே சத்தம் கயிற்றிலிருந்து வரும். ஒரு வாரம் வாசியுங்கள். நண்பரின் கம்புஸோடு உட்கார்ந்து கயிற்றை முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள். 50 சென்ட் என்பது தாளில் உள்ள எண்தான். ராஸ்தின் மூன்றாம் சுரத்தைத் துருக்கிக்காரர்கள் 350 சென்டைவிடத் தெளிவாக உயர்த்தி வாசிப்பார்கள், அரபு வாசிப்பில் அது கீழே இருக்கும். உங்கள் கூட்டத்தின் காது எங்கே ஒத்துக்கொள்கிறதோ அங்கே பென்சில் கோடு போடுங்கள். மேலே தந்த எண்ணைவிட அந்தக் கோடுதான் பெரிது. துருக்கியின் தோல்கஹான் சோகுலு 2008-இல் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய குட்டி ஃப்ரெட்டுகள் வைத்த கிட்டாரை வடிவமைத்ததற்குக் காரணமே இதுதான்: இந்தச் சுரங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கயிறே போதும் என்று தோன்றினால் அத்தோடு விட்டுவிடலாம். தேயத் தேய மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

உலோகம்தான் வேண்டும் என்றால், முதலில் பழைய ஃப்ரெட்டுகளைப் பாருங்கள். தந்தி ஓடி ஓடி முதல் மூன்றில் ஆழமான பள்ளம் விழுந்து உயரம் 0.7 மி.மீ.-க்குக் கீழே போயிருந்தால், புதியதை அந்த மட்டத்துக்கு இறக்கிப் பயனில்லை. பழையதையும் மாற்ற வேண்டும். ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தால், ரம்பம் அதையும் அறுத்துக்கொண்டு போகும். அது வீட்டு வேலை அல்ல, கயிற்றோடு நிறுத்துங்கள்.

தேவையானவை: நிக்கல் சில்வர் ஃப்ரெட் கம்பி 1 மீட்டர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஆறு துண்டுக்கு 60 மி.மீ. வீதம் 360 மி.மீ. போதும், மிச்சம் கெடுப்பதற்கு. தலைப்பகுதி 2 மி.மீ. அகலம், உயரம் உங்கள் பழையதைவிடச் சற்றுக் கூடுதல். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், அரத்தைத் தின்றுவிடும். 0.58 மி.மீ. வெட்டு அகலமுள்ள ஃப்ரெட் ரம்பம், தலைப்பை உருண்டையாக்கும் அரம், முகம் தட்டையாகத் தீட்டிய கட்டர். இந்த நான்கையும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். முக்கோணச் சிற்றரம், 320, 600, 1000 நம்பர் சாண்ட்பேப்பர், தண்ணீர் போல ஓடுகிற சூப்பர் குளூ, மாஸ்கிங் டேப், ரப்பர் தலைச் சுத்தியல் எல்லாம் டவுன் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். வெர்னியர் இல்லாமல் இறங்காதீர்கள்.

ரம்பத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இரும்பறுக்கும் ரம்பத்தின் பற்கள் நெளிந்து நிற்பதால் வெட்டு அகலமாகிவிடும். ஃப்ரெட்டின் கால் ஏறத்தாழ 0.5 மி.மீ.; பக்கத்திலுள்ள சிறு முட்கள்தான் மரத்தைக் கவ்வுகின்றன. அகல வெட்டில் முள்ளுக்குப் பிடி கிடைக்காது. எந்தப் பசை ஊற்றினாலும் ஃப்ரெட் மிதக்கும், சுரம் மந்தமாகும். அதற்கு எதிர்த் தவறும் உண்டு: வெட்டு குறுகலாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஓர் ஆப்பு. ஆப்புகள் சேர்ந்து ஃப்ரெட்போர்டை நீளவாக்கில் விரிக்க, கழுத்து பின்னால் வளையும். ஆறுக்கு இது தாங்கும். ஸ்தாயிக்கு 24 ஃப்ரெட் வரும்படி அடித்தவர்கள் கிட்டார் திடீரென்று எல்லா இடத்திலும் இரைகிறதே என்று திகைப்பது இதனால்தான். நைலான் தந்தி கிட்டார்கள் பலவற்றில் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இல்லை, சரிசெய்ய வழியே இராது.

வெட்டில் ஆட்டம் காணுமிடம் நேர்க்கோடு. ஃப்ரெட்போர்டு நட் பக்கம் குறுகி, உடல் பக்கம் விரிகிறது. மூலைமட்டத்தை அதன் ஓரத்தில் வைத்துக் கோடு போட்டால் கோடு சாய்ந்துவிடும். இருக்கிற ஃப்ரெட்டுகளே உங்கள் மூலைமட்டம். ரப்பர் மரத் துண்டு ஒன்று எடுங்கள். நாற்காலி மேசை செய்கிற பட்டறைகளில் கழிவாகக் கிடக்கும். அதை வழிகாட்டிக் கட்டையாகச் செதுக்குங்கள். 1-வது ஃப்ரெட்டின் நடுவிலிருந்து புது ஃப்ரெட்டின் நடுவுக்கு 17.47 மி.மீ. அதிலிருந்து ஃப்ரெட் தலையின் பாதி 1.0, ரம்ப வெட்டின் பாதி 0.29 கழித்தால் 16.2. கட்டையை 16.2 மி.மீ. வரும்வரை தேய்த்து, இரண்டு முனையிலும் நடுவிலும் வெர்னியரால் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். அதை 1-வது ஃப்ரெட்டின் பிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டி வைத்து, இரட்டைப் பக்க டேப்பால் பிடித்து, மறு பக்கத்தில் ரம்பத்தை உரசி ஓட்டினால் வெட்டு தானாக இணையாக விழும். மற்ற ஐந்துக்கும் கட்டை அளவு வரிசையாக 14.3, 13.4, 11.8, 10.4, 8.5. உங்கள் ஃப்ரெட் தலை 2 மி.மீ. இல்லையென்றாலோ, கயிற்றுச் சோதனையில் கோடு நகர்ந்திருந்தாலோ அதற்கேற்பக் கூட்டிக் கழியுங்கள். அறுக்குமுன் ஸ்கேலை நட்டில் வைத்து மொத்தத் தூரத்தையும் சரிபாருங்கள். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்கு அளந்துகொண்டே போகாதீர்கள். பிழை சேர்ந்துகொண்டே போகும்.

முதல் வெட்டு கிட்டாரில் அல்ல. அதே ரப்பர் மரத்தில் பத்து வெட்டு போட்டு, கம்பியை அடித்துப் பாருங்கள். ரோஸ்வுட்டைவிட மென்மையான மரம், ஆனாலும் கை பழகும்.

கிட்டாரில் கோட்டைக் கூர்மையான கத்தியால் இரண்டு மூன்று தடவை கீறிவிட்டுப் பிறகு அறுங்கள். இல்லாவிட்டால் ஓரம் சில்லு பெயரும். ஆழம் ஃப்ரெட் காலைவிட அரை மி.மீ. கூடுதல், பெரும்பாலும் 2 மி.மீ. ரம்பத்தில் டேப் ஒட்டி அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட்போர்டு மேடாக வளைந்திருப்பதால் நடுவில் ஆழமும் ஓரத்தில் ஆழமின்மையும் வரும். ஓரங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். முடிந்ததும் முக்கோண அரத்தால் வெட்டின் வாயை ஒரே ஒரு இழுப்பு. கம்பி வழுக்கி இறங்கும், பின்னொரு நாள் பிடுங்கும்போது மரமும் கூட வராது.

மழை விடாமல் அடிக்கிற வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஈரத்தில் மரம் உப்பி வெட்டு இறுகும். அப்போது பொருத்தி ஓரத்தை வழித்துவிட்டு, பிறகு ஏர்கோன் அறைக்குக் கொண்டுபோனால் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். நாலைந்து நாள் வெயில் காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஜிங்க் கூரைக்கு அடியில் வெப்பம் ஏறுகிற இடத்திலும் கிட்டாரைக் காயப் போடக் கூடாது, பிரிட்ஜே பெயர்ந்துவிடும்.

அடிக்கும்போது கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க இரண்டு கிலோ அரிசியைத் துணிப் பையில் கட்டி வையுங்கள், கழுத்தின் வடிவுக்கு அமுங்கிக்கொள்ளும். கம்பியை ஃப்ரெட்போர்டின் வளைவைவிடச் சற்று அதிகமாக வளைத்து, எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, இரு பக்கமும் 3 மி.மீ. நீட்டி வெட்டுங்கள். முதலில் இரு முனைகளைத் தட்டி இருத்தி, பிறகு நடுவைத் தட்டுங்கள். நடுவில் ஆரம்பித்தால் முனைகள் எழும்பும், எழும்பியது மறுபடி உட்காராது. முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்க, மெல்லிய சிகரெட் தாளை ஃப்ரெட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள், போகக் கூடாது. பிறகு இரு பக்கமும் டேப் ஒட்டி, வெட்டின் முனையில் ஒரு துளி சூப்பர் குளூ. தானே உள்ளே ஓடிவிடும். இரண்டு துளி விட்டால் ஃப்ரெட்போர்டில் வெள்ளைப் படலம் நிற்கும். முனைகளைக் கட்டரால் வெட்டி, அரத்தால் சாய்வாக்குங்கள்.

தவறான இடத்தில் வெட்டிவிட்டால் பதற வேண்டாம். அரை மி.மீ. மரத்தகடு ஒன்றைப் பசையோடு செருகி, காய்ந்ததும் வழித்து, ரோஸ்வுட் தூளால் தடத்தை மறைத்துவிட்டு மீண்டும் வெட்டலாம். ஆனால் இரண்டு வெட்டுக்கும் நடுவே 2 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் நடுவிலுள்ள மரம் உடையும். பழைய வெட்டில் அடைத்த பசை ஒரு நாள் காயட்டும்.

இப்போது மட்டம். தந்தி பூட்டி, சுருதி ஏற்றி, ஒரு நாள் விட்டு, நேர்ச்சட்டத்தை ஃப்ரெட்டுகள் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் மேடு தெரிந்தால் ஆப்பு வேலை செய்திருக்கிறது. ட்ரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் ஒரு நாள். கழுத்து நேரானபின் தந்தியைக் கழற்றி, ஒலித்துளையை டேப்பால் மூடி, எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கர் பூசி, நேரான கட்டையில் ஒட்டிய 320 தாளால் நீளவாக்கில் தேயுங்கள். எல்லாத் தலையிலும் மை போனதும் நிறுத்த வேண்டும், ஓர் இழுப்பும் கூடக் கூடாது. தட்டையான தலைகளை உருண்டை அரத்தால் வடிவாக்கி 600, 1000 என்று மெருகேற்றுங்கள். தட்டையாகவே விட்டால் தந்தி தலையின் நடுவில் நிற்காமல் முன்விளிம்பில் புறப்படும். அங்கேதான் நீங்கள் கணக்குப் போட்ட அரை மி.மீ. எல்லாம் வீணாகும். ஏதாவது ஒன்று உயர்ந்து நிற்கிறதா என்று மூன்று ஃப்ரெட்டுகள் மேல் இரும்புத் தகட்டை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். கடையில் விற்கிற தகடு உங்கள் புது நெருக்கத்துக்கு நீளமாக இருக்கும். 12-வது அருகே 25 மி.மீ. நீளத் துண்டு வேண்டும். உடைந்த ஸ்கேல் போதும்.

பிரிட்ஜ், சேடில் எதையும் தொட வேண்டியதில்லை. பழைய ஃப்ரெட்டுகளுக்குச் சரியாக இருந்த சுருதி புதியவற்றுக்கும் சரியாகவே இருக்கும்.

வாசிக்க உட்கார்ந்ததும் முதல் நாள் எல்லாமே பிசகும். 2-வது ஃப்ரெட்டில் விரல் வைக்கும் இடம் முன்பு 34 மி.மீ., இப்போது அதில் பிரிட்ஜ் பக்கத்து 17 மி.மீ. மட்டும். விரல் கொஞ்சம் பின்னால் விழுந்தாலும் கால் சுரம் இறங்கிவிடும், பஜனை நடுவில் அது நன்றாகவே கேட்கும். ஏ மேஜர் கார்டுக்கு மூன்று விரல் அந்த 17 மி.மீ.-இல் வரிசையாக நிற்காது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து மூன்று தந்தியையும் சேர்த்து அழுத்துங்கள். புது ஃப்ரெட்டுகளின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தில், சிவப்பு நகப் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள்.